இரண்டு படகுகளுக்கு நடுவே ஒரு பாடசாலை

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் கிடக்கும் நெடுந்தீவில் படிப்பித்திருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது குதிரைகளைத்தான். ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளாமே, இன்னும் திரிகின்றனவா? திரிகின்றன. வெளிகளில் கூட்டங்கூட்டமாக மேய்கின்றன. கடுங்கோடையில் குளங்கள் வற்றினால் தாகத்தில் செத்தும் போகின்றன. அடுத்த கேள்வி பெருக்கு மரம். பிறகு கோட்டை, புறாக்கூடு, சாந்து பூசாமல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள். அங்கே பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சுற்றுலா வருகிறவர் காலைப் படகில் வந்து பின்னேரப் படகில் திரும்புகிறார். அந்தத் தீவின் பாடசாலைகளை நடத்துவதும் அதே இரண்டு படகுகள்தான் என்பது ஒரு நாளில் கண்ணில் படுகிற விஷயம் அல்ல.

நான் அங்கே போனது 2013ஆம் ஆண்டு தைப் பொங்கல் கழிந்த கையோடு, தொண்டர் ஆசிரியையாக. தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் ஆசிரியர்கள் இடம்பெயர்ந்தார்கள், நாட்டை விட்டுப் போனார்கள். தெற்கிலிருந்து புதிதாக எவரும் வரவில்லை. வெறுமையான வகுப்பறைகளுக்குள், பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தரம் படித்து முடித்த ஊர்ப் பிள்ளைகள் போய் நின்றார்கள். சம்பளம் கிடையாது. பெற்றோரோ பழைய மாணவர் சங்கமோ பஸ் காசு கொடுத்தால் உண்டு. என்றாவது ஒரு நாள் நிரந்தர நியமனம் வரும் என்பதுதான் கூலி. போர் முடிந்த பிறகும் அந்த ஏற்பாடு முடியவில்லை. பத்து, பதினைந்து வருடம் இப்படி நின்றவர்களை நான் அறிவேன். அவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் நியமனம் கிடைத்தது. சிலர் வயதெல்லையைக் கடந்து வீட்டுக்குப் போனார்கள். சிலர் அலுவலக வாசல்களில் பதாகை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள்.

என் கதையில் தியாகம் என்று எதுவும் இல்லை. விஞ்ஞானப் பட்டம் முடித்துவிட்டு வேலையற்ற பட்டதாரிகள் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு வீட்டில் இருந்தேன். நெடுந்தீவில் ஒரு பாடசாலைக்குக் கணித ஆசிரியர் இல்லை, ஓராண்டு நின்றால் தலைமை ஆசிரியரான அதிபர் சேவைச் சான்றிதழ் தருவார், நேர்முகத் தேர்வில் உதவும் என்று பெரியப்பா சொன்னார். கனடாவில் இருக்கும் அந்த ஊர்க்காரர்கள் மாதம் ஐயாயிரம் ரூபா தருவதாகவும் பேச்சு. அம்மாவுக்கு விருப்பமில்லை. ‘பெண் பிள்ளை, தனியாக, கடல் கடந்து’ என்று தொடங்கி அவர் அடுக்கிய காரணங்களில் பாதி சரியானவை. இருந்தாலும் போனேன். வீட்டில் சும்மா இருக்கும் இருபத்தைந்து வயதுக்காரிக்கு யாழ்ப்பாணத்தில் என்னென்ன கேள்விகள் வரும் என்று தெரிந்தவர்கள், ஏன் போனேன் என்று கேட்க மாட்டார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு 776 பஸ். பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு என்று தாம்போதிகளால் கோக்கப்பட்ட தீவுகளின் ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழியும். குறிகட்டுவானோடு தரை முடிந்துவிடும். அதற்கப்பால் நெடுந்தீவு வரை ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல். அன்று அந்தப் பயணத்துக்கு இருந்தவை ‘குமுதினி’யும் சில தனியார் படகுகளும். சீமெந்து மூட்டை, காஸ் சிலிண்டர், கோழிக்கூடு, மோட்டார் சைக்கிள், பாண் பெட்டி எல்லாவற்றோடும் சேர்ந்து ஆசிரியர்களும் ஏறுவார்கள். சோளகக் காற்று எழும்பிய மாதங்களில் அலை கூரை வரைக்கும் தெறிக்கும். நனையாமல் கொண்டுபோக வேண்டியது கொப்பிகள். அவற்றைப் பொலித்தீன் பையில் கட்டி மடியில் வைத்துக்கொள்வேன். காற்று கூடினால் படகே இல்லை. ‘இன்றைக்கு ஓடாது’ என்று குறிகட்டுவானில் ஒருவர் சொன்னால் அன்றைய பாடசாலை அத்தோடு சரி.

நான் தங்கியிருந்த வீட்டு ஆச்சி யாழ்ப்பாணத்துக்கு வைத்தியசாலைக்குப் போகும்போது சில தடவைகள் நானும் கூடப் போயிருக்கிறேன். எவ்வளவு காற்று அடித்தாலும், எவ்வளவு வெயில் எரித்தாலும், படகின் உள்ளே இறங்கி உட்கார மாட்டார். வெளியே, ஓரத்தில், ஏதாவது ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பார். உள்ளே இருக்கை இருக்கிறது, வாருங்கள் ஆச்சி என்று முதல் தடவை கூப்பிட்டேன். ‘நீ போய் இரு பிள்ளை’ என்றார். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினியை நடுக்கடலில் இடைமறித்து ஏறியவர்கள் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். கைக்குழந்தையும் தப்பவில்லை. ஏறியவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எடுத்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் விளக்கேற்றுவார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். ஆச்சியிடம் அதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அடுத்தடுத்த பயணங்களில் நானும் வெளியே அவருக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டேன்.

இனிப் பாடசாலைக்கு வருகிறேன். நான் இருந்த காலத்தில் இலங்கையில் பாடசாலை தொடங்கியது காலை ஏழரை மணிக்கு, விட்டது ஒன்றரை மணிக்கு. ஒரு பாடவேளை நாற்பது நிமிடம், நாளுக்கு எட்டுப் பாடவேளைகள். இந்த நேரசூசியைப் போட்டவர் நெடுந்தீவுப் படகின் நேரத்தைப் பார்த்துப் போட்டிருக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் வீடு வைத்திருக்கும் ஆசிரியர் விடிவதற்கு முன்பே எழுந்து பஸ் பிடித்துப் படகில் ஏறி மாவிலித்துறையில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸோ சைக்கிளோ பிடித்து வந்து சேரும்போது குறைந்தது இரண்டு பாடவேளை போயிருக்கும். பின்னேரப் படகைப் பிடிக்க வேண்டுமானால் கடைசிப் பாடவேளையையும் விட வேண்டும். ஆகவே பலர் கிழமை நாட்களில் தீவிலேயே தங்குவார்கள்: திங்கள் காலை வருவது, வெள்ளி மத்தியானம் போவது. அப்படி வந்தாலும் திங்களும் வெள்ளியும் அரை நாள்தான். கடல் கொந்தளித்தால் திங்கள் செவ்வாயாகும். தவணைப் பரீட்சை, விளையாட்டுப் போட்டி, ஆசிரியர்களுக்கான கருத்தரங்கு என்று வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் நாட்களையும் கழித்தால் என்ன மிஞ்சும் என்று கணக்குப் பார்ப்பது கணித ஆசிரியைக்கு அவ்வளவு கஷ்டமில்லை.

இதற்காக அந்த ஆசிரியர்களைச் சோம்பேறிகள் என்று பேசுவது யாழ்ப்பாணத்தில் ஒரு பொழுதுபோக்கு. எனக்கு அந்தப் பேச்சில் எப்போதுமே எரிச்சல் வரும். கூட இருந்து பார்த்திருக்கிறேன். அலையில் வாந்தி எடுத்துவிட்டு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, நேரே தரம் ஒன்பதுக்குள் போய் வரலாறு படிப்பித்த ஒருவருக்கு மூன்று வயதில் குழந்தை இருந்தது. குழந்தை கோப்பாயில், அம்மம்மாவிடம். ‘அதி கஷ்டப் பிரதேசம்’ என்று கடதாசியில் வகைப்படுத்தி ஒரு படி கொடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கஷ்டத்தில் எதையும் குறைத்துத் தருவதில்லை. ஆசிரியர் விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பேர். கிணற்றுத் தண்ணீர் உவர். குடிதண்ணீருக்குப் பவுசர் என்ற தாங்கி வண்டி வரும் நாளைப் பார்த்திருந்து பிளாஸ்டிக் கான்களை வரிசையில் வைக்க வேண்டும். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது பவுசர் வந்துவிட்டால், யார் போவது என்று பணியறையில் ஒரு சின்ன மாநாடு கூடும். உவர் தண்ணீரில் வைத்த தேநீரை முதல் மாதம் குடிக்க முடியவில்லை. பிறகு விடுமுறையில் வீட்டுக்குப் போய் அம்மா போட்ட தேநீரைக் குடித்தபோது அதில்தான் ஏதோ குறைவதுபோல் இருந்தது.

பாடப் புத்தகத்தோடு எனக்கு ஒரு தனிச் சண்டை இருந்தது. வேகம், தூரம், நேரம் என்ற பாடம் வந்தால் புகையிரதம் வந்துவிடும். ‘120 மீற்றர் நீளமான புகையிரதம் மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது, ஒரு மின்கம்பத்தைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?’ யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் 1990இல் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி திரும்பி வரும்வரை எங்கள் தலைமுறைக்கே புகையிரதம் என்பது கொழும்புக்குப் போகிறவர்கள் பார்க்கும் பொருள். நெடுந்தீவுப் பிள்ளைகளுக்கு? தரம் ஒன்பதில் ஒருத்தி எழுந்து கேட்டாள்: கம்பத்தைக் கடப்பதற்கு வண்டியின் நீளம் எதற்கு ரீச்சர்? நியாயமான கேள்வி. நீளமான ஒரு பொருள் தன் முழு உடம்பையும் இழுத்துக்கொண்டு ஓரிடத்தைத் தாண்டுவதைக் கண்ணால் கண்டவர்களுக்குத்தான் அந்தக் கணக்கில் எதைக் கேட்கிறார்கள் என்பது பிடிபடும். சரி, படகுக்கு மாற்றுவோம் என்று, குமுதினி மாவிலித்துறை இறங்குதுறையைக் கடக்க எடுக்கும் நேரம் என்று எழுதினேன். பின்வரிசையிலிருந்து ஒருவன்: ‘அது கடக்காது ரீச்சர், அங்கேதான் நிற்கும்.’

கடைசியில், வகுப்பு முழுவதையும் முற்றத்தில் ஒருவர் பின் ஒருவராக நிற்கவைத்து, தோளில் கை போட்டு, பனைமரம் ஒன்றைத் தாண்டி நடக்கவைத்தேன். முன்னால் நிற்பவன் மரத்தைத் தொட்டதும் நேரம் தொடங்கும். கடைசிப் பிள்ளை தாண்டியதும் முடியும். கடைசியாக நின்ற குள்ளச் சிறுமி வேண்டுமென்றே ஊர்ந்தாள், மற்றவர்கள் அவளைத் திட்டினார்கள், அவளுக்குத்தான் முதலில் கணக்கு விளங்கியது. மணிக்கு 72 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 20 மீற்றர், 120ஐ 20ஆல் வகுத்தால் ஆறு செக்கன் என்று கரும்பலகையில் அவளே எழுதினாள்.

இப்படி ஒரு சம்பவத்தைச் சொன்னவுடன், ‘பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து கற்பிக்க வேண்டும்’ என்று கருத்தரங்குகளில் பேசுகிறவர்கள் தலையாட்டுவார்கள். அவ்வளவு சுலபம் அல்ல. தரம் பத்தில் ஒருவன் இருந்தான். தகப்பனோடு கடலுக்குப் போய் வருபவன். விகிதம் என்ற பாடமே அவனுக்கு எட்டிக்காய். அவர்கள் படகின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது; மண்ணெண்ணெயோடு ஒயிலை அளவாகக் கலக்க வேண்டும், கூடினாலும் குறைந்தாலும் எஞ்சின் கெடும். இருபது லீற்றர் கானுக்கு எவ்வளவு ஒயில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். எனக்கு ஒரே சந்தோசம். அப்படியானால் ஏழு லீற்றருக்கு எவ்வளவு என்று கேட்டேன். ‘ஏழு லீற்றரை எடுத்துக்கொண்டு யார் ரீச்சர் கடலுக்குப் போவார்கள்?’ என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவனுக்கு அது உண்மையாகவே அர்த்தமில்லாத கேள்வி. கான் என்பது இருபது லீற்றர், ஒயில் என்பது ஒரு குறிப்பிட்ட போத்தலின் ஒரு குறிப்பிட்ட கோடு. அந்தக் கோட்டை அவன் அறிவான், விகிதத்தை அறியான். கடலில் இருக்கும் அறிவு தானாக நடந்து வந்து பரீட்சைத் தாளில் ஏறிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் ஒரு தவணையாவது அங்கே இருந்து பார்க்கட்டும். அவனைக் கரையேற்றியது கடல் அல்ல. ஒரே மாதிரியான கணக்கை நாளுக்குப் பத்தாக, மாதக் கணக்கில், சலிக்கச் சலிக்கச் செய்தது.

அந்தச் சலிப்பான வேலை நடந்தது பாடசாலையில் அல்ல, பின்னேரப் படகு போன பிறகு, ஆச்சி வீட்டு விறாந்தையில். பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை. தீவு முழுவதற்கும் டீசல் மின்பிறப்பாக்கிகளிலிருந்துதான் மின்சாரம். மின்குமிழ் சில இரவுகளில் செம்மஞ்சளாக மங்கும். ஆச்சி திட்டிக்கொண்டே லாம்பு கொண்டுவந்து வைப்பார். நுளம்புக்கு வேப்பிலைப் புகை. நடுவில் ஒரு சட்டி நிறையப் புழுக்கொடியல் வரும், சில நாட்களில் யாராவது ஒரு தாய் கொடுத்துவிட்ட பால். பாலுக்கு அந்த ஊரில் குறைவில்லை. பாடப் புத்தகம் தேவைப்படவில்லை. கடந்தகால வினாத்தாள்கள் போதும். எனக்குச் சொல்லத் தெரிந்த ஒரே கல்விக் கோட்பாடு இந்த விறாந்தையில் உருவானதுதான்: தீவுப் பாடசாலை ஒன்றின் தரம் எத்தனை ஆசிரியர்கள் பதிவேட்டில் கையெழுத்திடுகிறார்கள் என்பதில் இல்லை, எத்தனை பேர் இரவில் அங்கே தூங்குகிறார்கள் என்பதில்தான். அதைத் தீர்மானிப்பது மனசாட்சி அல்ல. அறை, தண்ணீர், கழிவறை, காய்ச்சல் வந்தால் வைத்தியர் இருக்கிறாரா என்ற விசாரணை, இவைதான். இரவில் வயிற்றுவலி என்று துடிப்பவரைக் கடற்படைப் படகில் ஏற்றி அனுப்புவதைப் பார்த்த எந்தத் தாயும் தன் குழந்தையோடு அங்கே குடியேற யோசிப்பாள்.

விறாந்தைக்கு வருகிற ஆண் பிள்ளைகளின் எண்ணிக்கை கிழமைக்குக் கிழமை கூடிக் குறைந்தது. காரணம் எனக்குப் பிடிபடச் சில மாதங்கள் எடுத்தன. திங்கள், புதன், சனி இரவுகளில் கடலில் விளக்குகள் தெரியும், ஒரு நகரம் மிதந்து வந்ததுபோல். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள். அந்த இரவுகளில் நெடுந்தீவு மீனவர்கள் வலை விடத் தயங்குவார்கள். விட்டால் விடியும்போது வலை இருக்காது. மற்ற நாட்களில் இரட்டிப்பு வேலை, பையன்களும் கூடப் போக வேண்டும். ஒயில் கலக்கும் பையனின் வீட்டில் ஒரே இரவில் வலை முழுவதும் போனது. அவன் இரண்டு கிழமை பாடசாலைக்கு வரவில்லை. தேடிப்போனேன். தகப்பன் முற்றத்தில் மிஞ்சிய வலைத்துண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னை இருக்கச் சொன்னார். ‘அவர்களும் தமிழர்கள்தானே ரீச்சர், யாரிடம் போய்ச் சொல்வது’ என்றார். இராமேஸ்வரத்து மீனவர் கடலில் சுடப்பட்டு இறந்த செய்திகளுக்கு இரங்கிய வீடுதான் அதுவும். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசத் தமிழ்நாட்டில் யாரும் விரும்புவதில்லை என்பது என் வருத்தம். அது வேறொரு கட்டுரைக்கான விஷயம்.

கனடாவிலிருந்து வந்த ஐயாயிரம் ரூபாவைப் பற்றி நன்றியோடுதான் பேச வேண்டும். ஒரு மாதமும் தவறவில்லை. தீவை விட்டுப் போனவர்கள் தீவை மறக்கவில்லை. முன்பு வன்னிக் குடியேற்றங்களுக்குப் போனவர்களும் சரி, பின்னர் பனியில் போய்க் குடியிருப்பவர்களும் சரி, நெடுந்தீவு என்ற பெயரைக் கேட்டால் பையைத் திறக்கிறார்கள். ஆனால் பொருளாகக் கொடுப்பதில் அவர்களுக்கு ஒரு மோகம் உண்டு. பொருளைப் படம் எடுக்கலாம் அல்லவா? ஒரு முறை கணினிகள் வந்தன. ரிப்பன் வெட்டி, உரையாற்றி, படம் எடுத்தார்கள். கணினி படிப்பிக்க ஆளில்லை. மின்னழுத்தம் ஏறி இறங்கும். உப்புக் காற்று சாவித் துவாரத்தைக்கூட விட்டுவைக்காது. அறை பூட்டியே கிடந்தது. அதே காசில் விடுதிக் கூரையில் மழைநீர்த் தாங்கி ஒன்று கட்டியிருந்தால் மூன்று ஆசிரியர்கள் கூடுதலாகத் தங்கியிருப்பார்கள் என்று நான் ஒரு கூட்டத்தில் சொன்னேன். தாங்கிக்கு யார் ரிப்பன் கட்டுவார்?

இரண்டாவது ஆண்டின் நடுவில் நடந்தது என் எண்ணத்தை மாற்றிய காரியம். கணித ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்பித் தருமாறு அதிபர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். பதிலுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நானும் அறையில் இருந்தேன். ‘இப்போது யார் கணிதம் எடுக்கிறார்கள்?’ தொண்டர் ஆசிரியை ஒருவர் எடுக்கிறார் என்றார் அதிபர். ‘பெறுபேறு எப்படி?’ முன்னையதைவிடப் பரவாயில்லை என்றார் அதிபர், அப்பாவியாக, என் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டு. ‘அப்படியானால் அவசரமில்லையே’ என்று அந்தக் குரல் சொன்னது எனக்கும் கேட்டது. கணித ஆசிரியர் இல்லாத வேறு பாடசாலைகள் வரிசையில் நிற்கின்றனவாம். அந்தக் குரலுக்குரியவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் முன்னால் இருந்த பட்டியலில் எங்கள் பாடசாலைக்கு எதிரே ஏதோ ஓர் அடையாளம் இருந்தது, அவ்வளவுதான். அந்த அடையாளம் நான்.

அன்றிலிருந்து தொண்டு என்று புகழ்ந்து பேசும் மேடைகளில் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. ஒரு வெற்றிடத்தில் சம்பளமில்லாமல் ஒருவர் நிற்கும்வரை அது வெற்றிடமாகத் தெரிவதில்லை. இதற்காகத் தொண்டர்கள் எல்லோரும் விலகிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் அரசு அசையும் என்று என்னோடு படித்த தோழி ஒருத்தி வாதாடுவாள். தர்க்கம் சரிதான். ஆனால் அசைய எத்தனை வருடம் எடுக்கும்? அந்த வருடங்களில் தரம் பதினொன்றில் இருக்கும் பிள்ளைக்குப் பதில் சொல்லப்போவது அவள் அல்ல. ஆகவே நான் பாதி வழியில்தான் நிற்கிறேன்: நிற்கிறவர் நிற்கட்டும், ஆனால் அவர் பெயருக்கு எதிரே ‘வெற்றிடம்’ என்றே எழுதியிருக்கட்டும்.

நன்றாகப் படிப்பித்தால் பாடசாலை வளரும் என்பார்கள். தீவில் அது தலைகீழ். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளை அடுத்த தைமாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய பாடசாலையின் விடுதியில் இருக்கும். தரம் பதினொன்றின் முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாகச் செய்தவர்கள் உயர்தரத்துக்குக் கடல் கடப்பார்கள். பிள்ளை போனால் தாய் பின்னால் போகிறாள், தாய் போனால் வீடு பூட்டப்படுகிறது. இன்று அங்கே வசிப்பவர்கள் நாலாயிரம் பேர் அளவில்தான். போருக்கு முன் இருந்தவர்கள் அதைவிட மிக அதிகம். பூட்டிய வீடுகளின் முற்றங்களில் பனங்கன்றுகள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. பனைமரத்தருகே ஊர்ந்து நடந்த அந்தச் சிறுமியும் போகிறவர்களில் ஒருத்தி. தகப்பனுக்கு விருப்பமில்லை; என்னிடம் வந்து, ‘நீங்கள் நன்றாகப் படிப்பித்ததுதான் பிழை’ என்றார், பாதி சிரிப்பாக. தாய் பக்கத்தில் நின்று அவளுடைய சப்பாத்துக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை. முடிவு எடுத்தவர் அவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் போனது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தீவைக் காப்பாற்றும் பொறுப்பை ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டக் கூடாது.

போட்டிப் பரீட்சையில் சித்தியடைந்து, 2015 முடிவில் எனக்கு வன்னியில் நியமனம் கிடைத்தது. சேவைச் சான்றிதழை நேர்முகத் தேர்வில் யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பிறகு சில மாதங்கள் கழித்து நிரந்தர ஆசிரியர் ஒருவர் போனார். புள்ளிப் பதிவேடுகளை எங்கே வைத்தேன் என்று கேட்பார் என நினைத்திருந்தேன். தொலைபேசியில் அவர் முதலில் கேட்டது, குடிதண்ணீருக்கு என்ன வழி என்று. சரியான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். விறாந்தை வகுப்பை அவர் ஆச்சி வீட்டிலேயே தொடர்ந்தார்.

2017இல் ‘நெடுந்தாரகை’ என்று புதிய படகு விட்டார்கள். அதற்குப் பிறகு நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றிலும் சூரிய ஒளியிலும் மின்சாரம் எடுக்கும் திட்டம் பேசப்பட்டது. முதலில் சீன நிறுவனம் ஒன்றுக்கு என்றார்கள், இந்தியா முகம் சுளித்தது, 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்படிக்கை. நான் இருந்த காலம் முழுவதும் அந்தப் பாடசாலைக்கு ஓர் ஆங்கில ஆசிரியர் வந்து சேரவில்லை. வல்லரசுகள் இரண்டும் அவரை முந்திக்கொண்டன.

ஒயில் கலக்கும் பையன் சாதாரண தரத்தில் கணிதத்தில் ‘எஸ்’ எடுத்தான், அதாவது அரும்பொட்டில் சித்தி. மேலே படிக்கவில்லை. இப்போது சொந்தமாகத் தொழில் செய்கிறான், கலியாணமும் முடித்துவிட்டான். போன வருடம் ஒரு நாள் இரவு வைபரில் ஒரு கடதாசியின் படம் வந்தது. எஞ்சின் வாங்குவதற்கு லீசிங் நிறுவனம் ஒன்று கொடுத்த கடன் பத்திரம். ‘ரீச்சர், இவர்கள் வட்டியைக் குறைந்து செல்லும் மீதிக்குப் போடவில்லை, முழுத் தொகைக்கும் கடைசி வரை போட்டிருக்கிறார்கள், சரிதானா பாருங்கள்’ என்று எழுதியிருந்தான். விறாந்தையில் வேப்பிலைப் புகைக்குள் இருந்து செய்த அதே கணக்கு. செய்து பார்த்தேன். அவன் சொன்னது சரி. அவர்கள் வாயால் சொன்ன வீதத்துக்கும் கடைசியில் கட்டப்போகிற வீதத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். அப்படியே எழுதி அனுப்பினேன், கையெழுத்துப் போடாதே என்றும் சேர்த்தேன்.

‘தெரியும் ரீச்சர், நேற்றே போட்டுவிட்டேன்’ என்று பதில் வந்தது. ‘வங்கியில் பிணை கேட்கிறார்கள். இவர்கள் நாளைக்கே எஞ்சின் தருகிறார்கள். கணக்குச் சரியா என்று பார்க்கத்தான் கேட்டேன்.’